பகிடி விடுகிற பெண்ணும் மாமியின் பயமும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் மாமி வீட்டில் தங்கி வேலைக்குப் போகிற ஒரு தங்கச்சி, அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஏமி ஷூமர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய ‘த கேர்ள் வித் த லோவர் பேக் டாட்டூ’ புத்தகத்தை வாசித்துக்கொண்டிருக்கிறார். அட்டையைக் கண்ட மாமி, “படிச்ச பிள்ளை வாசிக்கிற புத்தகமே இது?” என்று கேட்டிருக்கிறார். ஏ/எல் படிக்கிற பதினேழு வயது மச்சாளோ, வாசித்து முடித்ததும் தனக்குத் தரச் சொல்லி நிற்கிறாளாம். தங்கச்சிக்குத் தெரியவேண்டியது மூன்று: இதை வாசிப்பதில் பிழை ஏதும் உண்டா, நம்முடைய சனம் பாலியல் என்றதும் ஏன் இப்படி ஆகிவிடுகிறது, மச்சாளுக்குப் புத்தகத்தைக் கொடுக்கலாமா.

முதல் கேள்விக்கு ஒரு வரி போதும். பிழை இல்லை. நான் சட்டம் படித்தவள் என்பதால் அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1927 ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் வியாபாரத்துக்கும் பரப்புவதற்கும் வைத்திருப்பவரைத்தான் தேடுகிறது, கட்டிலில் சாய்ந்திருந்து வாசிக்கிறவரை அல்ல. அதுவும் இந்தப் புத்தகம் அந்த ரகமே இல்லை.

எந்த ரகம் என்று பார்ப்போம், ஏனென்றால் மாமி பார்த்தது அட்டையில் இருந்த வெறும் முதுகை மட்டும்தான். புத்தகம் வந்தது 2016 இல். மேடையில் ஏமி ஷூமர் போடுகிற வேஷம், கிடைத்தவனோடு போய்விட்டு வந்து அதைக் கூச்சமே இல்லாமல் சொல்லிச் சிரிக்கிற ஒரு குடிகாரப் பெண். புத்தகத்தைத் திறந்தால் எடுத்த எடுப்பிலேயே தன் பிறப்புறுப்புக்கு ஒரு திறந்த மடல். சரி, எதிர்பார்த்ததுதானே என்று மேலே போனால், முன்பின் தெரியாத ஒருவனோடு ஓர் இரவைக் கழித்தது தன் வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான் என்கிறார். இன்னோர் இடத்தில், தான் ஆட்களைக் கண்டால் ஒதுங்கிப்போகிற சுபாவம் என்கிறார். தகப்பனை மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நரம்பு நோய் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்த கதை வருகிறது. 2015 இல் லூசியானாவில் அவருடைய படம் ஓடிக்கொண்டிருந்த தியேட்டருக்குள் ஒருவன் துப்பாக்கியால் சுட்டு இரண்டு பெண்கள் செத்ததும், அதற்குப் பிறகு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காக அவர் குரல் கொடுத்ததும் வருகின்றன. அடிக்கிற காதலனிடம் மாட்டுப்பட்டிருந்த காலம் வருகிறது. பதினேழு வயதில் நடந்த முதல் உடலுறவு, காதலன் இவருடைய சம்மதத்தைக் கேட்காமலே செய்தது என்று ஒரு பகிடியும் கலக்காமல் எழுதியிருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது டயரிப் பக்கங்கள். சின்ன வயதில் எழுதியவற்றை அப்படியே அச்சிட்டு, கீழே வளர்ந்த ஏமி அடிக்குறிப்புப் போட்டு அந்தப் பெட்டையைக் கிண்டல் செய்கிறார். ‘எள்ளல் இளமை பேதைமை மடன் என்று உள்ளப்பட்ட நகை நான்கு என்ப’ என்று தொல்காப்பியர் சிரிப்பு பிறக்கிற இடங்களைச் சொன்னாரே, அந்த நாலும் இந்த அடிக்குறிப்புகளில் இருக்கின்றன. சிரிக்கிறவளும் சிரிப்புக்கு இடமானவளும் ஒருத்தியே.

பெரிய இலக்கியம் என்று நான் இதைத் தூக்கிப்பிடிக்க மாட்டேன். காசு வந்தபிறகான கதைகள் சலிக்கின்றன. மேடையில் அந்த முகத்தோடும் குரலோடும் கேட்டால் வெடிச்சிரிப்பு வரும் வரிகள் தாளில் சப்பென்று கிடக்கின்றன. ஆனால் ‘அந்த மாதிரிப் புத்தகம்’ என்று யாராவது ஒளித்துவைத்து வாசித்தால் அவருக்குத்தான் ஏமாற்றம்.

இனி இரண்டாவது கேள்வி. இதுதான் பெரியது.

நம்முடைய சனம் பாலியலைப் பற்றிப் பேசாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் நம்புவதில்லை. ஒரு கொழும்புச் சாமத்திய வீட்டை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முதல் தடவை தீட்டு வந்திருக்கிறது. அதற்கு மண்டபம் எடுத்து, கார்ட் அடித்து, மேடையில் சிம்மாசனம் போட்டு, ட்ரோன் பறக்கவிட்டு வீடியோ எடுத்து, ஊருக்கே சொல்கிறோம். தகப்பனோடு வேலை செய்கிற சிங்கள ஆட்களும் பரிசு கொண்டு வருகிறார்கள். அடுத்த மாதம் அதே பிள்ளை கடையில் பாட் வாங்கினால் அதைப் பேப்பரில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, வெடிபொருள் மாதிரிக் கொடுக்கிறார்கள்.

மண்டபத்தின் பின்பக்கம் இன்னும் சுவாரசியம். பலகாரத் தட்டு அடுக்குகிற மாமிமார், சின்னம்மாமாரிடம் போய்க் கொஞ்சநேரம் நில்லுங்கள். புதிதாகக் கல்யாணம் முடித்தவள் கொட்டாவி விட்டால் போதும், “என்ன, இரவெல்லாம் மழைச் சத்தத்தில நித்திரை வரேல்லையோ?” என்று ஒருத்தி தொடங்குவாள். மழை பெய்து இரண்டு கிழமை ஆகியிருக்கும். அறுபது வயது மாமி ஒருவர் அதற்கு மேல் ஒன்று போடுவார், அதை நான் இங்கே எழுத முடியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தண்ணீர்ப் போத்தல் எடுக்க ஓர் ஆண் உள்ளே வந்தால் அடுத்த நொடியே பேச்சு அரியதரத்தின் எண்ணிக்கைக்கு மாறிவிடும். ஆண்கள் பக்கத்தில் வேறு கதை. அங்கே மாமாமாரின் போன் கைமாறிக்கொண்டிருக்கும்.

ஆகப் பேச்சும் உண்டு, சிரிப்பும் உண்டு. பெண்களின் சிரிப்புக்கு மட்டும் யாரும் எழுதிவைக்காத சட்டங்கள் சில உண்டு. சொல்கிறவள் கல்யாணம் முடித்தவளாக இருக்கவேண்டும். ‘நான்’ என்று சொல்லக் கூடாது, ‘ஒருத்தி இருந்தாளாம்’ என்றுதான் தொடங்கவேண்டும். ஆண் காதில் விழக் கூடாது. எழுத்தில் வரவே கூடாது. ஏமி ஷூமர் எழுதிய காலத்தில் கல்யாணம் முடிக்கவில்லை, ‘நான்’ என்றே எழுதினார், உலகம் முழுக்க விற்றார். மாமியைச் சுட்டது முதுகு இல்லை, இதுதான் என்று நினைக்கிறேன்.

இது நேற்று வந்த சட்டமும் இல்லை. கலித்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியில் ஒரு பெண் தோழியிடம் ஒரு சம்பவத்தைச் சொல்கிறாள், ‘சுடர்த்தொடீஇ கேளாய்’ என்று தொடங்கும். சின்ன வயதில் நம் மணல்வீட்டைக் காலால் கலைத்துப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடின அந்தப் பட்டிப் பயல், ஒருநாள் வீட்டு வாசலில் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டான். அம்மா கொடுக்கச் சொன்னா. யாரென்று தெரியாமல் போனேன், வளையல் கையைப் பிடித்துவிட்டான். ‘அம்மா, இவன் செய்கிறதைப் பார்’ என்று கத்திவிட்டேன். அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தா. நானோ, தண்ணீர் விக்கிவிட்டது என்றேன். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அவன் கடைக்கண்ணால் என்னைக் கொல்லுகிற மாதிரிப் பார்த்துச் சிரித்தான், ‘அக்கள்வன் மகன்’.

கேட்காமல் கையைப் பிடித்ததை இன்றைக்கு நாம் பகிடியாக எடுக்க மாட்டோம், எடுக்கவும் கூடாது. ஆனால் சொல்கிற விதத்தைப் பாருங்கள். கதையை மெல்ல ஏற்றி, அம்மாவை ஓடிவரச் செய்து, ஒரு பொய்யில் திருப்பி, கடைசிச் சொல்லில் வெடிக்க விடுகிறாள். இன்றைய ஸ்டாண்ட்-அப் மேடையில் ஒரு சொல் மாற்றாமல் எடுபடும். இந்தக் கலித்தொகையை 1887 இல் முதலில் அச்சுக்குக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டிக்காரர், சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் வீட்டு மாமிமார் என்ன சொன்னார்களோ.

கபிலரின் பெண்ணுக்கு இந்தக் கதையைச் சொல்ல அனுமதி கிடைத்ததற்குக் காரணம் உண்டு. அவள் தோழிக்கு மட்டுமே சொல்கிறாள், அவளுக்குப் பெயரும் இல்லை. ‘மக்கள் நுதலிய அகன் ஐந்திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர் கொளப் பெறாஅர்’ என்பது அகத்திணை இலக்கணம். காதலையும் காமத்தையும் எவ்வளவு வேண்டுமானாலும் பாடலாம், இன்னார் என்று சுட்டக் கூடாது. காலி முகத்திடலில் பட்டப்பகலில் வரிசையாகக் குடை விரித்து உட்கார்ந்திருக்கிற சோடிகளைப் பார்த்திருப்பீர்கள். கொழும்பே அவர்களைச் சுற்றிக் கடலை கொறித்துக்கொண்டு நடக்கிறது. குடைக்குள் யார் என்று தெரியாதவரை ஒருவருக்கும் பிரச்சினை இல்லை.

பெயரோடு தெருவுக்கு வருவதற்கு ஒரு வழி அன்றைக்கும் இருந்தது, மடலேறுதல். காதல் கைகூடாதவன் பனை மடலால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, ஊர் நடுவே தன் ஆசையைப் பறைசாற்றிக்கொண்டு வருவான். பனங்கருக்கு தொடையை எப்படிக் கிழிக்கும் என்று யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ‘மறுகின் ஆர்க்கவும் படுப’ என்கிறது குறுந்தொகை. தெருவே கூடிச் சத்தம்போட்டுச் சிரிக்கும், அவனும் அது தெரிந்துதான் வருகிறான். தன்னைத்தானே கோமாளியாக்கி, தன் ஆசையை ஊர்முன் வைத்து, அவமானத்தையே ஆயுதமாகப் பிடிக்கிற வேலை. நகைச்சுவைக் கலைஞர் எழுதுகிற அந்தரங்கச் சரிதையும் இதே வேலைதான்.

ஆனால் மடல் ஆணுக்கு மட்டும். பெண் ஏறுவது எந்தத் திணையிலும் அழகில்லை என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. வள்ளுவர் அதையே பாராட்டாக மாற்றினார்: ‘கடலன்ன காமம் உழந்தும் மடலேறாப் பெண்ணிற் பெருந்தக்க தில்’. கடல் போல ஆசை இருக்கலாம், அதை வள்ளுவர் மறுக்கவே இல்லை. வாயைத் திறக்காமல் இருக்கிறாளே, அதுதான் பெருமை. மாமியின் கேள்வியில் இருப்பது கிட்டத்தட்ட இந்தக் குறள்.

அதனால், பழைய தமிழர் எல்லாம் திறந்த மனதோடு இருந்தார்கள், வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு வெட்கத்தைப் பழக்கினான் என்று அடிக்கடி கேட்கிற கதையைப் பாதிதான் ஒத்துக்கொள்வேன். ஒத்துக்கொள்கிற பாதி இது: வீரமாமுனிவர் குறளை லத்தீனில் மொழிபெயர்த்தபோது அறத்தோடும் பொருளோடும் நிறுத்தினார், காமத்துப்பாலைத் தொடவில்லை. 1883 இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த தண்டனைச் சட்டக் கோவைதான் ‘இயற்கைக்கு மாறான’ உறவைக் குற்றமாக்கியது, அது இன்னும் நம் புத்தகத்தில் இருக்கிறது. மறுக்கிற பாதி: ‘அச்சமும் நாணும் மடனும்’ பெண்ணுக்கு உரியவை என்று எழுதியது எந்தப் பாதிரியாரும் இல்லை.

அந்த வேலியைத் தாண்டிப் பார்த்தவர்களும் நம்மவர்கள்தான். பெரிய திருமடலில் திருமங்கையாழ்வார் பெண்ணாக நின்று பாடுகிறார். பெண்கள் மடலேற மாட்டார்கள் என்று தமிழ் நூலில் கேள்விப்பட்டிருக்கிறேன், அதை நான் ஏற்கவில்லை, ஏறத்தான் போகிறேன் என்கிறாள் அவள். வைணவர்கள் அதை இன்றைக்கும் பக்தியோடு ஓதுகிறார்கள். காதலன் கடவுள், பாடியவர் ஆண் என்பதால் பிழைத்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

நம் காலத்துப் பெண்கள் எழுதாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் 1986 இல் ‘சொல்லாத சேதிகள்’ வந்தது, ஈழத்துப் பெண்கள் பலர் ஒரே தொகுப்பில் பேசினார்கள். தமிழ்நாட்டில் 2002 இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ வந்தபோது, உள்ளே இருந்த கவிதையை விட்டுவிட்டு அட்டையில் இருந்த தலைப்போடு ஊர் சண்டை பிடித்தது. நம் நாட்டுக் கவிஞர் ஸர்மிளா ஸெய்யித் தன் அந்தரங்கத்தைக்கூடச் சொல்லவில்லை. பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கினால் அந்தப் பெண்களுக்குப் பாதுகாப்பு என்று 2012 இல் பிபிசி தமிழுக்குக் கருத்துச் சொன்னார், அவ்வளவுதான். மிரட்டல் தாங்காமல் நாட்டை விட்டே போகவேண்டி வந்தது.

இவற்றையெல்லாம் வாசித்துக்கொண்டு வந்தால் ஒன்று கண்ணில் படுகிறது. வலி உண்டு, கோபம் உண்டு, நெருப்பு உண்டு. சிரிப்பு மிகக் குறைவு. தன் படுக்கையறைச் சொதப்பலைத் தன் பெயரிலேயே எழுதி எல்லாரையும் சிரிக்கவைத்த தமிழ்ப் பெண்ணின் புத்தகம் ஒன்று சொல்லுங்கள் என்றால் என்னால் கைகாட்ட முடியாது. ஏன் என்றால், உடம்பைப் பற்றிப் பேசி அழுகிற பெண்ணை நம் சனம் ஒருவாறு மன்னித்துவிடும். பாவம் என்று சொல்லலாம், கைக்குட்டை கொடுக்கலாம், அதில் நமக்கு ஓர் உயர்ந்த இடமும் கிடைக்கிறது. சிரிக்கிறவள் யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை. அவளுக்கு நாம் கொடுக்க ஒன்றும் இல்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை.

பகிடிக்குப் பயப்படுவது நாம் மட்டுமில்லை. அமெரிக்காவில் லென்னி புரூஸ் என்ற நகைச்சுவைக் கலைஞரை மேடையில் பேசிய கெட்ட வார்த்தைகளுக்காக 1961 இல் சான் பிரான்சிஸ்கோவில் பிடித்தார்கள், விடுதலையானார். நியூயோர்க்கில் 1964 இல் வழக்குப் போட்டுக் குற்றவாளி என்று தீர்த்தார்கள். இதற்கிடையில் அவர் தன் சரிதையைப் பிளேபோய் இதழில் தொடராக எழுதி 1965 இல் புத்தகமாக்கினார். மேன்முறையீடு முடியாமலே 1966 இல் செத்துப்போனார். நியூயோர்க் ஆளுநர் அவருக்கு மன்னிப்புக் கொடுத்தது 2003 இல். ஏமி ஷூமர் இன்றைக்கு மேடையில் சுகமாகச் சொல்கிறதற்கு முன்னால் ஒருவர் அந்த விலையைக் கொடுத்திருக்கிறார்.

நம் கொழும்பில் அந்தக் கதை பழசாகவில்லை. 2023 மே மாதம் ஸ்டாண்ட்-அப் கலைஞர் நதாஷா எதிரிசூரியவை விமான நிலையத்தில் வைத்துக் கைது செய்தார்கள். அவர் பகிடி மதத்தைப் பற்றியது, பாலியல் அல்ல. பயன்படுத்திய சட்டம், கேட்டால் சிரிப்பீர்கள், குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை நிறைவேற்றக் கொண்டுவந்த 2007 ஆம் ஆண்டுச் சட்டம். உரிமையைக் காக்க வந்த சட்டத்தாலேயே ஒரு பெண்ணை ஒரு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் வைத்தார்கள். ஜூலையில் மேல் நீதிமன்றம்தான் பிணை கொடுத்தது.

இவ்வளவும் சொன்னதால், படுக்கையறைப் பகிடி எழுதுகிற எல்லாரும் விடுதலை வீரர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தின் ரஸ்ஸல் பிராண்ட் 2007 இல் தன் லீலைகளை எல்லாம் அடுக்கி ஒரு சரிதை எழுதினார். ‘குறும்புக்காரன்’ என்று கொண்டாடி வாங்கினார்கள். 2023 இல் பல பெண்கள் அவர்மீது பாலியல் வன்முறைப் புகார் சொன்னார்கள், 2025 இல் லண்டன் பொலிஸ் குற்றம் சாட்டியது, அவர் மறுக்கிறார். வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். வாசிக்கிற நமக்கு அதில் ஒரு வேலை இருக்கிறது: பகிடியில் அடி யாருக்கு விழுகிறது என்று பார்ப்பது. ஏமி ஷூமரின் நல்ல பக்கங்களில் அடி அவருக்கே விழுகிறது. ஆண்கள் எழுதுகிற இந்த வகைப் புத்தகங்கள் பலவற்றில் பெண்களுக்குப் பெயர்கூட இருக்காது, எண்ணிக்கைதான்.

மாமிக்கு வருவோம். அவரை எதிரியாக்கவேண்டாம். அவர் பயப்படுவது பாவத்துக்கு இல்லை, பெயருக்கு. வெள்ளவத்தை ஃப்ளாட்டில் மேல்மாடி இருமினால் கீழ்மாடிக்குக் கேட்கும். நாளைக்கு உங்களுக்கோ மகளுக்கோ கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தால், மாப்பிள்ளை வீட்டார் யாரையாவது விட்டு விசாரிப்பார்கள். ‘நல்ல பிள்ளை’ என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு சீதனம் குறையும், அந்தச் சொல் தவறினால் எவ்வளவு கூடும் என்று மாமிக்குக் கணக்குத் தெரியும். அது கொடுமையான கணக்கு, ஆனால் அவர் போட்ட கணக்கு இல்லை.

அந்தக் கணக்கு யாரையும் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஐ.நா. சனத்தொகை நிதியம் இலங்கையில் செய்த ஆய்வில், பஸ்ஸிலும் ரெயிலிலும் பாலியல் தொந்தரவைச் சந்தித்ததாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். பொலிஸை நாடியவர்கள் 4 வீதம். காலி வீதியில் ஓடுகிற 100 ஆம் இலக்கப் பஸ்ஸில் இடி வாங்காத வெள்ளவத்தைப் பெண்ணைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். சேலை கட்டினவருக்கும் இடி, பள்ளிக்கூடச் சீருடைக்கும் இடி. இறங்கி வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்வதில்லை, சொன்னால் ‘நீ ஏன் அந்த பஸ்ஸில ஏறினனி’ என்பார்கள். வாய்திறக்காத பெண்ணுக்கு வள்ளுவர் கொடுத்த பெருமையை இந்தப் பஸ்காரக் கைகள் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கின்றன.

சட்டமும் அதே அரைமனதோடுதான் நடக்கிறது. 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பாலியல் தொந்தரவு தனிக் குற்றமானது, சம்மத வயது 12 இலிருந்து 16 ஆனது, நல்லது. அதே திருத்தம், அதுவரை ஆணும் ஆணும் கொள்கிற உறவை மட்டும் குற்றமாக்கிய 365அ பிரிவைப் பெண்களுக்கும் நீட்டியது. சமத்துவம் கேட்டவர்களுக்குத் தண்டனையில் சமத்துவம் கிடைத்தது. கணவன் மனைவியின் சம்மதம் இல்லாமல் உறவு கொண்டால், நீதிமன்றம் அவர்களைப் பிரித்துவைத்திருந்தால்தான் அது வல்லுறவு, மற்றப்படி இல்லை. ஏமி ஷூமர் தன் காதலனைப் பற்றி எழுதிய அந்தப் பக்கத்தை, அவன் கணவனாக இருந்திருந்தால் இந்த நாட்டில் வல்லுறவு முறைப்பாடாக எழுதவே முடியாது. புத்தகத்தில் எதைப் பார்த்து வெட்கப்படவேண்டும் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கடைசியாக மச்சாள். பதினேழு வயது, ஏ/எல். ஓ/எல் சுகாதாரப் புத்தகத்தில் அந்தப் பாடம் வந்தபோது ‘இதை வீட்டில வாசியுங்கோ’ என்று ஆசிரியர் தாண்டிப் போயிருப்பார், அநேகமான பள்ளிக்கூடங்களில் அதுதான் வழமை. போனில் என்னென்ன பார்த்திருப்பாள் என்று நீங்களும் நானும் ஊகிக்கலாம். அந்தப் போனில் வருவதோடு ஒப்பிட்டால் இந்தப் புத்தகம் எவ்வளவோ பரவாயில்லை, இதில் உடம்புக்குச் சொந்தக்காரிக்கு ஒரு மனமும் இருக்கிறது. கொடுங்கள்.

பக்கங்களைக் கிள்ளி எடுத்துக் கொடுக்கவேண்டாம், அவள் அந்தப் பக்கங்களைத்தான் முதலில் தேடுவாள். முதல் உறவு பற்றிய கட்டுரையும் அடிக்கிற காதலன் பற்றிய கட்டுரையும் பகிடி இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள், அவற்றை வாசித்த நாளில் அவளோடு கொஞ்சம் கதையுங்கள். அவளுக்கே ஏதாவது நடந்திருந்தால் அது அப்போதுதான் வெளியே வரும், அதற்கு நீங்கள் தயாராக இருக்கவேண்டும். இந்தப் புத்தகத்தில் குடியும் நிறைய இருக்கிறது, அதையும் சேர்த்துக் கதையுங்கள். கருத்தடை, தொற்று, மாதவிடாய்க் கோளாறு பற்றிய கேள்விகளுக்கு இதில் பதில் தேடவேண்டாம். அதற்குக் குடும்பத் திட்டமிடல் சங்கம் 1953 இலிருந்து இருக்கிறது, கொழும்பு 7 இல் புல்லர்ஸ் ஒழுங்கையில். வெள்ளவத்தையிலிருந்து த்ரீவீலில் போய்விடலாம். தனியாகப் போகக் கூச்சப்பட்டால் நீங்கள் கூடப் போங்கள்.

மாமியிடம் ஒளித்துக் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், வேண்டாம். அது அவருடைய வீடு, அவருடைய மகள். முதலில் அவரிடம் தகப்பனின் நோய் பற்றிய கட்டுரையை வாசித்துக்காட்டுங்கள், பிறகு அந்த டயரி அடிக்குறிப்புகளில் ஒன்றிரண்டைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். சாமத்திய வீட்டுப் பின்பக்கத்தில் பலகாரத் தட்டு அடுக்கிய அனுபவம் அவருக்கும் இருக்கும்தானே. சிரித்தார் என்றால் மச்சாளுக்குக் கொடுக்கிற கதையை அப்போதே எடுங்கள். சிரிக்காவிட்டால் அவளுடைய பரீட்சை முடியும்வரை பொறுங்கள், பதினெட்டுக்குப் பிறகு அவளே வாங்கிக்கொள்வாள்.